மானம் ஏறிய கப்பல்

கடல் மட்டத்துக்கு ஏழாயிரம் அடி மேலே கப்பல் ஓட்டிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அந்தக் கப்பலில் மானேஜராக இருந்து முங்கிப்போனவன் நான். இன்றைக்கும் யாராவது, "கொடைக்கானல்ல இருந்தீங்களாமே, சொர்க்கமாமே சார்?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொர்க்கமாம், சொர்க்கம்! என் தலைமுடியெல்லாம் கொட்டிய இடம் ஐயா அது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. ஏரிக்கரைப் படகுக்காரர்களில் ஆரம்பித்து பஜார் ரொட்டிக்கடை பாய் வரைக்கும் எல்லோரும் கூப்பிட்டது 'கப்பல்' என்றுதான். "கப்பல் வந்துச்சா?", "கப்பல் டீ குடிச்சிட்டுப் போயிருச்சு" என்று பேசிக்கொள்வார்கள். மலைக்குப் புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு ஏரியை ஒரு தரம் எட்டிப் பார்ப்பார்கள்.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போன சமயம். ஏரிக்கு மேலே மேட்டில் ஒரு பங்களாவில் ஒண்டிக்கட்டையாக இருந்த வெள்ளைக்கார அம்மாவும் புறப்பட்டுவிட்டார். அதை வாங்கியவர் பழனியில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்த ராவுத்தர். மன்னவனூர்ப் பக்கமிருந்து வருகிற கிழங்கை அடுக்கி வைக்க ஓர் இடம் வேண்டுமென்றுதான் வாங்கினார். ஆனால் வரிசையாக அறைகளையும், ஏரியைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல்கள் வைத்த சாப்பாட்டு ஹாலையும் பார்த்ததும் மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டது. ஓட்டல் நடத்தலாமே என்று.

அந்த அம்மா படுக்கையிலேயே கஞ்சி குடித்து வந்தவராம்; ஹாலைத் திறந்ததே இல்லையாம். போகும்போது மேசை நாற்காலி, பீங்கான் தட்டுகளோடு இவரையும் ராவுத்தரிடம் ஒப்படைத்து, "இவர் கப்பலில் இருந்தவர், வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். கப்பலில் என்ன வேலை பார்த்தீர் என்று ராவுத்தரும் கேட்கவில்லை, பின்னால் வந்த நானும் கேட்கவில்லை. வெள்ளைக்காரன் கப்பலில் இருந்தவர் வேறென்ன செய்திருப்பார், துரைமார்களுக்குப் பரிமாறியிருப்பார் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். அவரும் மறுக்கவில்லை.

நான் பாலசமுத்திரத்துக்காரன். கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக மானேஜர் ஆக்கப்பட்டவன். டிரங்குப் பெட்டியோடு பங்களா வாசலில் கால் வைத்த அன்றைக்கு ஒரே மூடுபனி. எதிரில் நிற்கிற மரம் தெரியவில்லை. அதற்குள்ளிருந்து 'டங், டங்' என்று மணிச் சத்தம். கோயில் போலிருக்கிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டேன். கிட்டே போனால், வெள்ளை டிரில் கோட்டுப் போட்ட ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு கிழவர் வெண்கல மணியை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்.

"என்ன பெரியவரே, பூசையா?"

"பனி மூடிருச்சு தம்பி. எதிர்ல வர்ற கப்பலுக்கு நாம இருக்கறது தெரியணும்ல?"

"எதிர்ல மலைதானேங்க இருக்கு?"

"மலைக்கும் தெரியணும்ல" என்றார்.

கொடைக்கானலில் பனி மூடாத சாயங்காலம் ஏது? தினமும் மணிதான். பக்கத்துப் பங்களாக்காரர்கள் என்னிடம்தான் சண்டைக்கு வந்தார்கள்.

காற்று பலமாக அடித்தால் இன்னொரு கூத்து. மேசை விரிப்பைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து விரித்துவிடுவார். கப்பல் ஆடும்போது தட்டு வழுக்காமல் இருக்குமாம். அந்தக் குளிரில், நனைந்த துணி மடியில் தொங்க, பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்த மதுரை நூல் வியாபாரி ஒருவர் கேட்டார், "ஏம்ப்பா, தொடையெல்லாம் விறைக்குதே, எப்பப்பா இது காயும்?" கப்பல் குனிந்து மரியாதையாகச் சொன்னார், "காத்து அடங்கற வரைக்கும் பொறுத்துக்குங்க சார். கடல் ரஃப்பா இருக்கு." வியாபாரி என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பேன்? விட்டத்தைப் பார்த்தேன்.

இதெல்லாம் மற்ற நாட்களில். சனிக்கிழமை ஃபார்மல் நைட்.

கப்பலில் சில ராத்திரிகளில் எல்லோரும் முறைப்படி உடுத்திக்கொண்டுதான் சாப்பிட வர வேண்டுமாம். ஆண்கள் கறுப்புக் கோட்டு, கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி போ டை. குல்லா, மப்ளர், ஸ்வெட்டர் எதுவும் கூடாது. சொல்லுங்கள், கீழேயிருந்து கொடைக்கானலுக்கு வருகிற நம் ஜனங்களின் தேசிய உடை என்ன? குரங்குக் குல்லாதானே! அதைப் போய்க் கழற்று என்றால்? ஹால் வாசலில் கப்பல் வெள்ளித் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பார். "சார், நோ குல்லா." குல்லாக்கள் தட்டில் குவியும். சாப்பாடு முடிந்து போகும்போது யார் குல்லா யாருடையது என்று தெரியாமல் ஆளுக்கொன்றை மாட்டிக்கொண்டு போவார்கள். ஒருத்தருக்கு இருந்த சளி ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பொதுச் சொத்தாகிவிடும்.

கோட்டு இல்லாதவர்களுக்கு அவரே கோட்டுக் கொடுப்பார். பிரயாணிகள் கப்பலில் விட்டுவிட்டுப் போன பழைய கறுப்புக் கோட்டுகள் ஓர் அலமாரி நிறைய வைத்திருந்தார். எல்லாம் ஆறடி வெள்ளைக்காரர்களுக்குத் தைத்தது. திண்டுக்கல் பூட்டு வியாபாரி ஒருத்தர் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கை வெளியே வராமல், கரண்டியைத் தேடித் தேடிக் கடைசியில் பட்டினியாகவே எழுந்து போனார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தக் கோட்டுகளில் ஒரு சுருக்கம் இருக்காது. நாள் பூராவும் கரி இஸ்திரிப் பெட்டியை ஊதி ஊதித் தேய்த்துக்கொண்டே இருப்பார். எல்லோருக்கும் பின்னாலிருந்து பிடித்து மாட்டிவிடுவார். தான் மட்டும் ஒன்றைக்கூடப் போட்டு நான் பார்த்ததில்லை.

இன்னொரு விசித்திரம், அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். பார்வை கழுத்துக்குக் கீழேதான். ஒரு வாரம் தங்கியவரைப் பற்றிச் சொன்னாலும் முழிப்பார். அப்புறம், "யாரு, வலது கைப் பட்டன் லூசா இருக்குமே, அந்த ஐயாவா?" என்பார்.

ஒரு தடவை திருநெல்வேலி வக்கீல் ஒருத்தர் கோட்டெல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு மிடுக்காக வந்தார். கழுத்து மட்டும் வெறுமையாக இருந்தது. கப்பல் அவர் கழுத்தைப் பார்த்து விறைப்பாக, "சார், போ டை!" என்றார்.

"ஏய், யாரப் பாத்து போடேங்கே?" என்று வக்கீல் கையை ஓங்கிவிட்டார். திருநெல்வேலியில் அந்த வார்த்தைக்கு என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். நான் நடுவில் பாய்ந்து அவர் காலில் விழாத குறை.

அதைக்கூட விடுங்கள். விருதுநகர்ப் பக்கமிருந்து புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி காவலுக்குப் பெண்ணின் தாய்மாமனும் கூடவே வந்தார். பஸ் வந்து சேர்ந்ததே சனிக்கிழமை சாயங்காலம். கப்பல் சட்டத்தில் இதற்கு ஒரு சலுகை உண்டு. துறைமுகம் விட்டுக் கிளம்பிய அன்றைக்கு ராத்திரி யாரும் முறைப்படி உடுத்த வேண்டியதில்லை; பெட்டிகள் இன்னும் திறந்திருக்காது அல்லவா, அதனால். இந்தச் சலுகையை நம் ஆள் ஹால் வாசலில் நின்று, கூட்டம் பூராவும் கேட்கும்படி, தமிழில் அறிவித்தார்.

"இவங்களுக்கு இன்னிக்கு முதல் ராத்திரி! டிரஸ் தேவையில்ல!"

பொண்ணு முகத்தை மூடிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டது. மாப்பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். தாய்மாமன் குடையைத் தூக்கிக்கொண்டு, "ஏலே, என்னலே சொன்ன?" என்று துரத்த, கப்பல் நனைந்த மேசையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே, "ரூல் சார், ரூல்!" என்று கத்தினார். மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் மூன்று பேரும் இறங்கிப் போய்விட்டார்கள். விஷயம் தெரிந்து ராவுத்தர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏலே தம்பி, எம் மானமே கப்பலேறிருச்சுடா!"

பக்கத்தில் நின்ற நம் ஆள் பணிவாகச் சொன்னார், "ஏறட்டும் முதலாளி. டிரஸ் பண்ணிட்டு ஏறட்டும்."

இனி சாப்பாடு. மண்டிக்காரர் ஓட்டல் என்பதால் எல்லாம் கிழங்கு மயம். அது போகட்டும். ஃபார்மல் நைட்டில் முதலில் காபி வரும். அதற்குப் பிறகு புட்டிங். அப்புறம் கிழங்கு கட்லெட். எல்லாம் தின்று முடித்து ஏப்பம் விடுகிற நேரத்தில் கடைசியாக சூப் வரும். வந்தவர்கள் யாருக்கும் இங்கிலீஷ்காரன் சாப்பாட்டு வரிசை தெரியாது; தெரியாதென்று சொல்லிக்கொள்ளவும் மனம் வராது. ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருத்தர், "சீமையில இப்படித்தான். ஜீரணத்துக்கு நல்லது" என்று எனக்கே பாடம் நடத்தினார். நானும் நம்பிவிட்டேன்.

இப்படியே போனால் எந்த ஓட்டல் விளங்கும்? வந்தவர்கள் மறுபடி வரவில்லை. வராதவர்களிடம் வந்தவர்கள் போய்ச் சொன்னார்கள். ஒருநாள் ராவுத்தர் கிழங்கு லாரியிலேயே ஏறி மேலே வந்து இறங்கினார். ஹாலை நடந்து அளந்து பார்த்தார்.

"தம்பி, இந்த ஹால்ல மனுசன் உக்காந்தாத்தான் ஓட்டலு. இல்லேன்னா சும்மா கெடக்கற எடத்துல நாம் பாட்டுக்குக் கெழங்க அடுக்கிட்டுப் போறேன். பழனி பஞ்சாமிர்தக் கடைக்காரர் வீட்டாளுக மொத்தப் பேரும் வர்ற வாரம் மேல வர்றாக. அவுக மனங்கோணாம எறங்கிப் போனா ஹால் ஹாலாவே இருக்கும். கோணிச்சுன்னு வையி, திங்கக்கெழம லோடு எறங்கிரும். அந்தக் கப்பல்கிட்டயும் சொல்லிரு."

சொன்னேன். கப்பல் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை மெல்லக் கீழே வைத்தார்.

"இந்த ஹால்லயா? கெழங்கா?"

"ஆமாங்க. அதனால இந்தச் சனிக்கிழமை மட்டும் இந்த டிரஸ் சோலியெல்லாம் வேண்டாம். உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். அவுக வேட்டி துண்டோட வரட்டும். வெரசா சோத்தப் போட்டு அனுப்பிருவோம்."

அவர் ரொம்ப நேரம் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே பளபளவென்றிருந்த கண்ணாடி அது. "டிரஸ் இல்லாம அது ஃபார்மல் நைட்டு இல்ல தம்பி. வெறும் சோறு. ஒரே ஒரு சனிக்கிழமை, ஹால் நெறைய ஆளு, எல்லாரும் முறையா உடுத்தி உக்காந்து நான் பாத்துரணும். ஒரே ஒரு தடவ. அப்புறம் கெழங்கக் கொட்டுனாலும் சரி" என்றார். எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நாசமாய்ப் போகட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

பஞ்சாமிர்தக் கடையின் கணக்கப்பிள்ளை முன்கூட்டியே அறைகளைப் பார்த்துப் போக வந்தார். கப்பல் சொல்லிக் கொடுத்தபடியே அவரிடம் சொன்னேன்: "சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு டின்னர் ஜாக்கெட் கட்டாயம். டின்னர் ஜாக்கெட் போட்டவங்களுக்குத்தான் ஹாலுக்குள்ள அனுமதி." கப்பல் பாஷையில் அந்தக் கறுப்புக் கோட்டுக்கு அதுதான் பெயர். கணக்கப்பிள்ளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஜாக்கெட்டா?" என்றார். "ஜாக்கெட்டேதான்" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

சனிக்கிழமை வந்தது. அன்றைக்கு ஹாலைப் பார்க்க வேண்டுமே! தரையில் முகம் தெரிந்தது. அலமாரிக் கோட்டுகள் எல்லாம் தேய்த்துத் தயாராகத் தொங்கின. கப்பல் வெள்ளித் தட்டோடு வாசலில் நின்றார். ராவுத்தர் ஒரு மூலையில் நின்றார். நான் இன்னொரு மூலையில் நின்றேன்.

மாடிப்படியில் முதலில் கடைக்காரம்மா இறங்கினார். பின்னால் மருமகள்கள், மகள்கள், நாத்தனார்கள். அத்தனை பேரும் பளபளவென்று ஒரே மாதிரி கத்திரிப்பூ நிறப் பட்டு ரவிக்கை, முழங்கை வரைக்கும் சரிகைக் கரை. பழனித் தையற்காரன் கண் விழித்துத் தைத்தது. அவர்களுக்குப் பின்னால் ஆண்கள். வேட்டி, துண்டு, மப்ளர், குரங்குக் குல்லா.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அட சண்டாளா! தமிழில் ஜாக்கெட் என்றால் என்ன என்று நான் ஒரு நிமிஷம் யோசித்தேனா?

"என்னங்க மானேஜர் தம்பி, திருத்தமா இருக்கா?" என்று அம்மா கையை நீட்டிச் சரிகையைக் காட்டினார். "எங்க கணக்கப்பிள்ள சொன்னாரு, டின்னருக்குன்னே தனி ஜாக்கெட் போடணுமாம்ல. ஆறு ஊருச் சம்பந்திகளும் அசந்து போனாக."

கப்பல் அவர்களைப் பார்த்தார். தலை குனிந்து வணங்கினார். "லேடீஸ் உள்ள வரலாம். ஆம்பளைங்க யாரும் ஜாக்கெட் போடலியே?" என்றார்.

"என்னது?" என்றார் கடைக்காரர்.

"ஜாக்கெட் ஆம்பளைங்கதான் சார் போடணும். இல்லாதவங்களுக்கு நான் தர்றேன். எல்லா சைசும் இருக்கு. நானே மாட்டி விடுறேன்."

கடைக்காரர் வெடித்தார். "ஏலே! மலைக்கோயில் வாசல்ல மூணு தலமுறையா கட வச்சிருக்கற குடும்பம்லே! என்னயப் போயி ஜாக்கெட் போடுங்கிறியா? நீ மாட்டி வேற விடுவியா?" மருமகன் ஒருத்தன் வேட்டியை மடித்துக் கட்டினான். வெள்ளித் தட்டு எகிறிப் போய் உருண்டது. ராவுத்தர் "போச்சு, போச்சு" என்று சுவரில் சாய்ந்துவிட்டார். நான் அலமாரிக்கு ஓடி ஒரு கறுப்புக் கோட்டை உருவிக்கொண்டு வந்து, "ஐயா, இதத்தாங்க ஜாக்கெட்டுன்னு சொல்றாரு, இதத்தாங்க!" என்று கதறினேன்.

முதலில் சிரித்தது கடைக்காரம்மாதான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கத்திரிப்பூ ரவிக்கைகள் அத்தனையும் குலுங்கின. ஆண்கள்தான் சிரிக்கவில்லை. "கிளம்புங்க, பெட்டியக் கட்டுங்க" என்று கடைக்காரர் குதித்துக்கொண்டிருந்தார்.

"அட, சத்த இருங்க" என்று கையமர்த்திவிட்டு அம்மா கப்பலிடம் திரும்பினார். "ஏங்கண்ணே, ஒரு வாரமா தையக்காரன் உசுர எடுத்து வந்துருக்கோம். என்னத்துக்குன்னாச்சும் தெரியட்டும். கப்பல்ல இப்படிக் கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்து என்னதான் செய்வாக? நீங்க பாத்ததச் சொல்லுங்க."

கப்பல் முதல் தடவையாக நிமிர்ந்து ஒரு முகத்தைப் பார்த்தார்.

"தெரியாதும்மா" என்றார். "நான் பாத்ததில்ல."

"கப்பல்ல இருந்தீங்கதானே?"

"இருந்தேம்மா. அடித்தட்டுல. இஸ்திரி ரூம்பு. ஜன்னல் கெடையாது. சாயங்காலம் தேச்ச கோட்டு மேல போகும். மேல பாட்டு கேக்கும், சிரிக்கிறது கேக்கும். அப்புறம் கோட்டு திரும்பி வரும். மேல போறதுக்கு எங்களுக்கு உத்தரவு இல்ல. எதுல என்ன கறைன்னு பாத்துத்தான் என்ன சாப்பிட்டாங்கன்னே தெரிஞ்சுக்குவேன். காப்பிக் கறை மடியில இருக்கும். புட்டிங்கு கொஞ்சம் மேல. சூப்புக் கறை கழுத்துக்கிட்ட இருக்கும். வயிறு கீழருந்துதானேம்மா நெறையும்? அதான் காப்பி முதல்ல, சூப்பு கடைசியிலன்னு நானே கணக்குப் போட்டுக்கிட்டேன்."

நான் ராவுத்தரைப் பார்த்தேன். ராவுத்தர் என்னைப் பார்த்தார். அத்தனை சனிக்கிழமைகள், அத்தனை வக்கீல்கள், ஜீரணத்துக்கு நல்லது என்ற தாசில்தார்! எனக்குச் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. வெளியே காற்று அடித்தது.

"இந்தக் கோட்டுல ஒண்ணக்கூட நீங்க போட்டுப் பாக்கலியாண்ணே?" என்று அம்மா கேட்டார்.

"இஸ்திரிக்காரன் போடக் கூடாதும்மா. கைய உள்ள விட்டுப் பாத்தாக்கூட அடுத்த துறைமுகத்துல எறக்கி விட்ருவாக."

அம்மா புருஷனைப் பார்த்தார். "ஏங்க, மானேஜர் கையில இருக்கற கோட்ட வாங்குங்க."

சற்று முன்னால்வரை குதித்துக்கொண்டிருந்த மனுஷன், மறுபேச்சுப் பேசாமல் என் கையிலிருந்து கோட்டை வாங்கினார். கப்பலுக்குப் பின்னால் போய், அவர் எல்லோருக்கும் பிடிப்பாரே, அதே மாதிரி தோளுயரத்துக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். கப்பல் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். அம்மா விடவில்லை. கப்பல் தன் வெள்ளை டிரில் கோட்டைக் கழற்றினார். உள்ளே பனியன் முதுகில் கிழிந்திருந்தது. கறுப்புக் கோட்டுக்குள் கையை விட்டார். அவருக்கும் அது பெரிசுதான். கை விரல் நுனிதான் வெளியே தெரிந்தது. ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

மேசைத் தலைமாட்டில் அவரை உட்கார வைத்தார்கள். மற்ற ஆண்களும் என்ன நினைத்தார்களோ, ஒவ்வொருத்தராகக் குல்லாவைக் கழற்றிவிட்டு அலமாரிக் கோட்டை வேட்டிக்கு மேலே மாட்டிக்கொண்டு வந்தார்கள். ஹால் நிறைந்தது. கப்பல் வரிசைப்படியே முதலில் காபி. பிறகு புட்டிங், அதோடு அவர்கள் கொண்டுவந்த பஞ்சாமிர்தம். பிறகு கட்லெட். நானும் அம்மாவின் மருமகள்களும் பரிமாறினோம். கப்பல் தின்றதைவிடப் பார்த்ததுதான் அதிகம். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

கடைசியில் சூப் வந்தது. கரண்டியை எடுத்தார். நீளமான கோட்டுக் கை இடறி, கழுத்துக்குக் கீழே கோட்டின் மேல் பொத்தென்று ஊற்றிவிட்டது. கோட்டில் ஒரு தூசி பட்டாலே துடிக்கிற மனுஷன்! உப்பும் துணியும் கொண்டுவர ஓடினேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். கறையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இந்த எடந்தான் தம்பி" என்றார். "எல்லாக் கோட்டுலயும் சரியா இந்த எடந்தான்." கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்கும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ராவுத்தர் வியாபாரி. அவர்கள் இறங்கிப் போகும்போது, "திருப்திதானேம்மா?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ராத்திரி நல்லா இருந்துச்சுங்க பாய். சிரிச்சுச் சிரிச்சு வயித்து வலியே வந்துருச்சு. ஆனா சாப்பாடு வாயில வைக்க விளங்கலைங்க" என்றார். "ஓட்டல்ல சாப்பாடு விளங்கலைன்னா அப்புறம் எப்படிம்மா?" என்று ராவுத்தர் பெருமூச்சு விட்டார். திங்கட்கிழமை லோடு இறங்கியது. ஏரியைப் பார்த்த ஜன்னல்களை மறைத்துக்கொண்டு மூட்டைகள் கூரை வரைக்கும் ஏறின. நான் கப்பல் கவிழ்ந்தவன் மாதிரி கன்னத்தில் கை வைத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். அது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. நிஜமாகவே கவிழ்ந்துதான் போனது.

ராவுத்தர் நல்ல மனசுக்காரர், கப்பலைப் போகச் சொல்லவில்லை. கிழங்குக்குக் காவலாக வைத்துக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வெள்ளித் தட்டோடு கிடங்கு வாசலில் நிற்பார். குளிருக்குச் சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு மூட்டை தூக்குகிறவர்கள், அவரைக் கண்டதும் சாக்கைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். யாரும் அவரை ஒரு வார்த்தை கேலி பேசி நான் கேட்டதில்லை. எத்தனையோ பேருடைய கறையைத் தேய்த்தெடுத்த மனுஷன், அந்தச் சூப்புக் கறையை மட்டும் கடைசி வரைக்கும் துவைக்கவே இல்லை. நான் வேலை மாறி மலையை விட்டு இறங்கி வெகுநாள் கழித்து, அவர் போய்விட்டார் என்று ராவுத்தர் சொல்லித் தெரிந்தது. அந்தக் கோட்டோடுதான் அனுப்பி வைத்தார்களாம். கறையோடுதான்.

இன்றைக்கும் கல்யாண ரிசப்ஷன், ஓட்டல் என்று எங்கே போனாலும் சூப்பைத் தொடாமல் ஓரமாக ஒதுக்கி வைத்துவிடுவேன். காபி வரைக்கும் எல்லாம் முடிந்த பிறகு, ஆறிப்போன அந்தச் சூப்பை எடுத்து நிதானமாகக் குடிப்பேன். பரிமாறுகிறவன் முழிப்பான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என் மனைவி தொடையில் கிள்ளி, "உங்களால மானம் கப்பலேறுது" என்பாள்.

ஏறட்டுமே. அது எனக்குத் தெரிந்த கப்பல்தான்.